இரவல் முகத்தில் ஒரு கள்வன்

நேற்று மாலை என் சின்ன மகள் கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து தொப்பி போட்ட ஒரு மனிதரின் படத்தை வெட்டி, தன் கதை நோட்டில் ஒட்டி, கீழே ‘பிள்ளை பிடிக்கும் அரக்கன்’ என்று எழுதியும்விட்டாள்.

“யாரம்மா இவர்?” என்று கேட்டேன்.

“தெரியலப்பா. மூஞ்சியப் பாத்தா அரக்கன் மாதிரி இல்ல?”

அந்த மனிதர் யாரோ, எந்த ஊரோ. தினமும் தன் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவராகக்கூட இருக்கலாம். மகளைக் கண்டிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பசையின் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. கண்டிப்பு வரவில்லை, பதுளை வந்துவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அஞ்சாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். அது உங்களுக்குத் தெரியும். பதுளைக் கடைவீதியில் படம் பிடிக்கும் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தது தெரியாது. கடைக்காரர் காசிமை அண்ணன் என்ற முறையில் ‘நானா’ என்போம். கீழே புடவைக்கடை, மேலே கண்ணாடிக் கூரை போட்ட ஒரு அறை. எடுத்த படங்களை அட்டையில் ஒட்டுவதற்கு இதே மாதிரிதான் பசை காய்ச்சுவேன். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடவேண்டும். ஒருமுறை மறந்துபோய்ப் பசியில் அந்தப் பசையை ஒரு விரல் நக்கிவிட்டு, செத்துவிடுவேன் என்று மத்தியானம் முழுவதும் காத்திருந்தேன். சாகவில்லை.

அந்தக் கடையில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. ஒரே ஒரு கோட்டு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து படம் எடுக்க வருகிற ஆண்கள் எல்லாருக்கும் அதுதான். ஒல்லியானவருக்கு முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்குவோம். பருத்தவருக்குப் பொத்தானைப் போடாமல் கையைக் குறுக்கே வைக்கச் சொல்வோம். அதோடு கடிகாரச் சங்கிலி ஒன்றும் உண்டு. சங்கிலி மட்டும்தான், கடிகாரம் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்குப் படம் அனுப்புகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். திருச்சிப் பக்கமும் மதுரைப் பக்கமும் எத்தனை தாய்மார் அந்த ஒரே கோட்டைப் பார்த்து “எம் மகன் நல்லா இருக்கான்” என்று கண்ணைத் துடைத்திருப்பார்களோ!

கோட்டுக்குப் பிறகு இடுக்கி. நானாவிடம் இருந்தது, கண்ணாடித் தகட்டில் படம் விழுகிற பழைய பெட்டி. ஆள் கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் இடுக்கியால் பிடரியைப் பிடித்துவிடுவோம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. “அசையாதீங்க, மூச்சு விடாதீங்க” என்று சொல்லிவிட்டு நானா மெதுவாக எண்ணுவார். பாவம், எண்ணி முடிவதற்குள் எப்பேர்ப்பட்ட சாதுவுக்கும் கண் பிதுங்கி, தாடை இறுகிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூட்டம். சந்தைக்கு வருகிற தோட்டத்துச் சனம் மேலே ஏறி வந்து வரிசையாக உட்காரும். காத்திருந்து அலுத்துப்போய் யாரும் எழுந்து போய்விடாமலிருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நன்றாக வந்த படங்களில் ஒரு பிரதி எடுத்து நானா சுவரில் ஒட்டியிருப்பார். அந்த முகங்களைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தேன். மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணை ராசகுமாரி ஆக்கினேன். கன்னம் ஒட்டிப்போன ஒரு கிழவரை மந்திரி ஆக்கினேன். மீசை வைத்த, உருண்டு திரண்ட ஒரு ஆளை இருட்டுமலை வேங்கையன் என்ற கள்வனாக்கினேன். வேங்கையன் ராசகுமாரியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கிவிட்டான். கதை வாரம் வாரம் வளர்ந்தது. படம் எடுக்காதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிறு, சும்மா இருக்கமாட்டாமல், “இந்த ஆளு இன்னும் பிடிபடல. இந்த மலையிலதான் எங்கயோ நடமாடிக்கிட்டு இருக்கான்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவைத்தேன். எல்லாரும் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், “அட, இது நம்ம நமுனுகுலத் தோட்டத்துச் சடையன்ல!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கதையின் நடுவில், வாசலில் நனைந்த கம்பளியோடு ஓர் ஆள் வந்து நின்றார். அதே மீசை. அதே தோள். ஒரு பிள்ளை “வேங்கையன்!” என்று வீரிட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் அமுக்கினார்கள். கதை கட்டியவன் நானல்லவா, நான் பயப்படலாமா? படம் பிடிக்கும் பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் வெளியில் தெரிகிறதே என்பது அப்போது தோன்றவில்லை.

“அய்யா, கொஞ்சம் வெளிய வாங்க. அடிக்க வரல” என்றது ஒரு மெல்லிய குரல். அந்த உடம்புக்குள் அப்படியொரு குரல் இருக்குமென்று யார் நினைப்பார்கள்! வெளியே வந்தேன்.

“நான் யாரைங்க தூக்கிட்டுப் போனேன்?” என்று கேட்டார் சடையன்.

நான் கறுப்புத் துணியை மடிக்க ஆரம்பித்தேன். அவர்தான் சொன்னார். “மடுல்சீமைல எனக்குப் பொண்ணு பேசியிருந்திச்சு. தையில பரிசம். பொண்ணோட அப்பா இங்க வந்து கதை கேட்டாராம். மறு வாரமே நாங்க குடுத்த வெத்தலையத் திருப்பி அனுப்பிட்டாரு. எங்க லயத்து வீடுகள்ல பிள்ளைங்க என்னையக் கண்டா ஓடுதுங்க. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரிசையா நிக்கும்போதுகூட என் பக்கத்துல ஒருத்தரும் நிக்கிறதில்ல. எங்காத்தா பாக்கணுமேன்னுதாங்க அந்தப் படத்த எடுத்தேன்.”

கூட்டத்தைப் பார்த்து, “எல்லாம் என் கட்டுக்கதை. இவரு நல்லவரு” என்றேன். ஒரு அம்மாள் விடவில்லை. “போங்கய்யா! அப்ப அந்தப் புள்ளையக் கெணத்துல எறக்குனது யாரு?”

நானா என்னைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, கதையக் கட்டினது ஒங்கட வாய். அவுக்கிறதுக்கும் ஒங்கட வாய்தான் ஈக்கிது. மடுல்சீமைக்குப் போய்ட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை விடியலில் புறப்பட்டு, பசறை வழியாக நடந்தே போனேன். மழை பெய்த பாதை. எத்தனை அட்டை கடித்தது என்று எண்ணுவதைப் பாதி வழியில் விட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா பெரியசாமி, செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க! கதைக்காரருதானே? அந்தப் புள்ள கெணத்த விட்டு ஏறி வந்திருச்சா?”

“அது வெறும் கதைங்க. சடையன் தங்கமான ஆளு. பொண்ணக் குடுங்க.”

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. “கதைய நீங்கதான் சொன்னீங்க. கதை பொய்யின்னும் நீங்கதான் சொல்றீங்க. நான் எந்த வாய நம்புறது? சரி, கதைய விடுங்க. ஆள நேர்ல பாத்ததில்ல, ஆனா அந்த மூஞ்சியப் படத்துல என் கண்ணால பாத்தேன். படமும் பொய் சொல்லுமா? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணுங்க.”

உள்ளே ஒரு பாத்திரம் டணாரென்று விழுந்தது. பெண் காமாட்சி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் காலிலிருந்த அட்டையைப் பிய்த்தபடி யோசித்தேன். அவர் சொன்னதும் நியாயந்தானே. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நானும் அவரைக் கள்வனாக்கினேன். அந்த முகத்துக்கு ஒரு லயமும் ஒரு தாயும் பேசிவைத்த பெண்ணும் இருக்கக்கூடும் என்று எனக்கு உறைக்கவே இல்லையே.

“ஒண்ணு செய்ங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. உங்களையும் ஒரு படம் எடுப்போம். நானாவோட செலவு” என்றேன். நானாவைக் கேட்காமல் சொன்னதுதான்.

வந்தார். பெரியசாமிக்குக் கோட்டை மாட்டினோம், சங்கிலியைத் தொங்கவிட்டோம், பிடரியில் இடுக்கியை வைத்தோம். நானா வேண்டுமென்றே மிகவும் மெதுவாக எண்ணினார். அன்று நல்ல வெயில். மத்தியானத்துக்குள் படம் காய்ந்துவிட்டது. அதைச் சடையன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒரு சிறுமி கேட்டாள்: “இந்தாளு வேங்கையனுக்கு அண்ணனா?”

அறையே அதிர்ந்தது. பெரியசாமி மட்டும் சிரிக்கவில்லை. தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். “நான் இவ்வளவு கெட்டவனாவா இருக்கேன்? அந்த இரும்பு குத்துச்சுய்யா, அதான் அப்படி முழிச்சிருக்கேன்” என்று பிடரியைத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது. நான் வரச் சொன்னபடி வந்து மூலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த சடையனைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒனக்கும் குத்தியிருக்குமேப்பா” என்றார்.

“ஆமாங்க. ரெண்டு நாளைக்குக் கழுத்தத் திருப்ப முடியல.”

பெரியசாமி மடியை அவிழ்த்து வெற்றிலை எடுத்து நீட்டினார். 

தையில் பரிசம், சித்திரையில் கல்யாணம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து படம் எடுக்க வந்தார்கள். சடையன் என் காதருகே வந்து, “அந்தக் கள்ளன் கடைசில மாட்டுனானாங்க?” என்று கேட்டார். கதையை நிறுத்திவிட்டேன் என்றேன். “பாவங்க, அவனுக்கும் ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சிருங்க” என்றார். காமாட்சிக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அன்றைக்கு இடுக்கி வேண்டாமென்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நானா எண்ணி முடிப்பதற்குள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார்கள். படத்தில் கோட்டு தெளிவாக இருந்தது, சேலை இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் புகை. நானா தலையில் அடித்துக்கொண்டார். “தகடு வீணாப்பெய்த்து!”

காமாட்சி படத்தை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். “இருக்கட்டுங்க. சிரிச்சது எங்களுக்குத் தெரியுமில்ல” என்றாள்.

பிறகு நானா கண் மங்கிக் கடையை விற்றுவிட்டார். இப்போது பதுளைக்கு ரயிலே வந்துவிட்டது. படம் எடுக்கப் போனால், உட்காருவதற்குள் ‘டிக்’கென்று சத்தம் கேட்கிறது, எழுந்து போகச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருக்க வரிசையும் இல்லை, கதை கேட்க ஆளும் இல்லை. சடையன் குடும்பம் தோட்டம் மாறிப் போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டுவைத்துக்கொள்ளாதது என் மடத்தனம்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது மாடி ஏறிப் பார்த்தேன். பழைய கண்ணாடித் தகடுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, ஜன்னலுக்குப் போட்டுவிட்டதாகப் புதிய கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதில் சடையன் இருந்தார், எதில் பெரியசாமி முழித்துக்கொண்டிருந்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாகச் சுரண்டியிருந்தார்கள். வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து, வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தது.