ஆமைக்குளத்துக் கொசுக்கள்

அந்த ஆண்டு ஆயுதபூஜைக்கு மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆமைக்குளம் மூடப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதுதான் சரி. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. குளத்தின் முழுக் காவலும் என்னிடம்தான் இருந்தது.

குளம் என்பது பெரிய வார்த்தை. உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அப்பா தன் கையாலேயே சிமென்ட் பூசிக் கட்டிய முழங்கால் ஆழத் தொட்டி. திருச்சியில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் வாங்கிய இரண்டு ஆமைகள் அதில் இருந்தன. காதோரம் சிவப்புக் கோடு போட்டவை. வந்தபோது என் உள்ளங்கைக்குள் அடங்கின. பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டன. அம்மாவுக்கு அவற்றை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஆமை புகுந்த வீட்டைப் பற்றிய பழமொழியை அவள் சொல்லாத வாரமில்லை. பழமொழி பலிக்காமல் போகவே, ஆவணி மாதத்தில் கொசுவைப் பிடித்துக்கொண்டாள்.

கொசு உண்மையிலேயே இருந்தது. பட்டப்பகலில் கடித்தது. அம்மாவின் தம்பி, ஆண்டிமடத்து மாமா, வரவழைக்கப்பட்டார். முந்திரித் தோப்புகளுக்கு மருந்தடிப்பவர் அவர். எந்தப் பூச்சியைச் சொன்னாலும் அதற்கு ஒரு டப்பா வைத்திருப்பார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அப்பாவிடம் சொன்னார்.

“ஒரு மூடி ஊத்துனா போதும் மச்சான். ஒரு புழு இருக்காது.”

“ஆமை?”

“அதுவும் இருக்காது.”

மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றார். ஆமை மூச்சுவிடத் தலையைத் தூக்குமே என்று அப்பா மறுத்தார். விட்டுக்கொடுக்காத மாமா, கடலைக்காட்டில் பூச்சி பிடிக்கச் செய்வதுபோல் தண்ணீருக்கு மேலே ஒரு குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் தெருவில் இருந்த வண்டுகள் மொத்தமும் வந்து விழுந்தன. கொசு மட்டும் வரவில்லை. ஆமைகள் வண்டுகளை வயிறு முட்டத் தின்றன. கடைசியில் அப்பா கொசுப்புழு தின்னும் மீன்குஞ்சுகளை வாங்கிவந்து விட்டார். ஆமைகள் அவற்றிலும் பாதியைத் தின்றன. மீதிப் பாதி கல்லிடுக்கில் ஒளியக் கற்றுக்கொண்டு, பிழைத்து, வேலையைப் பார்த்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு வெள்ளைத் தட்டில் குளத்துத் தண்ணீரை மொண்டு பார்ப்பேன். ஒரு புழுகூட நெளியாது. அதை அடுப்படியில் போய் அறிவிப்பேன்.

“ஆமா, இவ பெரிய டாக்டரு,” என்பாள் அம்மா. “போயி கணக்கப் போடுடி.”

அந்த நிலையில்தான் அக்கா படுத்தாள். அரியலூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். சிவப்பு அணு, வெள்ளை அணு தெரியும். தட்டணு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அது இறங்கிக்கொண்டே போனது. வார்டு வாசலில் அம்மா, அக்கம்பக்கம் பார்க்காமல், அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

“தண்ணியத் தேக்கி வச்சு எம்புள்ளயச் சாகக் கெடத்துன கை வெளங்குமா?”

அப்பா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நிலவேம்புக் கசாயத்தோடு வந்த மாமாவும் அப்படியே திரும்பி அவர் பின்னால் போனார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா என்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் குளிக்கப் போனதும் நான் அடுப்படியைக் கூட்டினேன். அங்கே கம்பிவலை அடித்த பழைய மர அலமாரி ஒன்று உண்டு. சர்க்கரை, பலகாரமெல்லாம் அதற்குள்தான். எறும்பு ஏறாமலிருக்க அதன் நாலு கால்களுக்கும் அடியில் அம்மா கிண்ணங்களில் தண்ணீர் வைத்திருப்பாள். குறையக் குறைய ஊற்றுவாள். எங்கள் வீட்டுச் சர்க்கரையில் எறும்பைக் காட்டச் சொல்லுங்கள் என்று சவால் விடுவாள். பரீட்சைக்குப் படிக்கும் அக்கா பகலெல்லாம் அந்த அலமாரியில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பாள்.

துடைப்பத்தை அலமாரிக்கு அடியில் விட்டபோது ஒரு கிண்ணம் அசைந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழுக்கப் புழு, தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தது. அலமாரிக் காலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துக் கிண்ணத்தை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

“அப்பா! குளம் இல்லப்பா! இங்க பாருங்க!”

ஈரத்தலையோடு வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி அவர் முகத்தில் வரவில்லை. உள்ளே போய் மற்ற மூன்றையும் எடுத்துவந்தார். நான்கையும் வெயில் காய்ந்த மண்ணில் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அம்மாகிட்ட இதச் சொல்லக் கூடாது. என்னைக்கும்.”

தீபாவளிக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து ஆமைகளை வாளியில் எடுத்துக்கொண்டு ஆண்டிமடம் பஸ் ஏறினார். என்ன வாளி என்று கேட்ட கண்டக்டரிடம், “அக்கா வூட்டுச் சீரு” என்றாராம். தோப்பில் ஒரு தொட்டி கட்டி விட்டிருப்பதாகப் பிறகு சொன்னார். அப்பா மத்தியானமே குளத்தில் மண்ணடிக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் அம்மாவும் அக்காவும் வந்துசேர்ந்தார்கள். அலமாரியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டிருந்தது.

“கிண்ணமெல்லாம் எங்கங்க?”

“தண்ணி ஊறி மரக்காலு உளுத்துப்போவுது. இனிமே சாக்பீஸ்தான்.”

அம்மா அதோடு விட்டுவிட்டாள். தீபாவளி கழிந்தது; கொசு அனேகமாக இல்லை. மண் மூடிய இடத்தில் அப்பா வாழைக்கன்று நட்டுக்கொண்டிருந்தபோது அம்மா டீயோடு வந்தாள்.

“பாத்தீங்களா? கொளத்த மூடுனீங்க, கொசு போச்சு. நான் தலையால அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா?”

“நீ சொன்னதுதான் சரி,” என்றார் அப்பா, டம்ளரை வாங்கிக்கொண்டே.

அம்மா உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்ப்பா சொல்லல? அநியாயமா ஆமையக் கொண்டுபோய் விட்டுட்டீங்களே?”

கன்றைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினார்.

“அக்கா வூடு வந்து சேந்துட்டால்ல. விடு பாப்பா.”

நான் கேட்டது ஆமையை. இவர் எதற்கு அக்காவைச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.