மூடி திறக்காத சோடா

சிங்கப்பூர்த் துறைமுகக் கிடங்கில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன், ஆறு வருஷத்துச் சிநேகிதன், ஒருநாள் என்னிடம் வந்து குழைந்தான்.

“ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல மத்தியானச் சாப்பாடு. அந்த வாத்தியாரை நீதான் போய்க் கூப்பிடணும்லா.”

எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. வாத்தியார் தேக்காவில் ஒரு துணிக்கடை மாடியில் குடியிருந்தார். சாதி கூடாது என்று அவர் மேடையில் பேசினால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன். பேச்சு முடிந்ததும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரிப்பார். அவ்வளவுதான் பழக்கம். இவனுக்கு அவரிடம் என்ன காரியம்? மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமா, மச்சானுக்கு வேலையா?

“நீயே கூப்பிட வேண்டியதுதானே?”

“நான் கூப்பிட்டு அவர் மாட்டேன்னுட்டா, அப்புறம் அவர் பேச்சை என்னால கேக்க முடியாது.”

அவன் சாதி எனக்குத் தெரியும். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்த நாளில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு நம் ஆட்கள் தாராளமாகப் போவார்கள், சிரித்துப் பேசுவார்கள். சோறு என்றால் மட்டும் வயிறு சரியில்லாமல் போய்விடும். மூடி திறக்காத சோடா என்றால் வாங்கிக் குடிப்பார்கள். என் சந்தேகம் இப்போது வாத்தியார் மேல் தாவியது.

போய்ச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க அங்க சாப்பிட்டிருக்கீங்களா தம்பி?”

“எத்தனையோ தடவை போயிருக்கேங்கய்யா.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வர்றேன்” என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. வருவார், சோடாவோடு எழுந்துவிடுவார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பன் தன் குவார்ட்டர்ஸ் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தான். வாத்தியார் வந்தார், கை கழுவினார், பாயில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்று, போலீஸ்காரன் மாதிரி அவர் கையையே கவனித்தேன். மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்றார். நண்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் பாயைச் சரியாகப் பார்த்தேன். வாத்தியார் முன்னால் ஓர் இலை, நண்பன் முன்னால் ஓர் இலை. அவன் மனைவி வழக்கம்போல் ஒரு சோடாவையும் ஓப்பனரையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“குடிங்கண்ணே. ஒங்களுக்குன்னு ஐஸ்ல வெச்சிருந்தேன்.”

அவள் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. வாத்தியார் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இலைப்பக்கம் குனிந்துகொண்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“எனக்கும் ஒரு இலை போடும்மா” என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் பிசைந்த கையை நிறுத்தினான்.

“ரெண்டு இலைதான்டா வாங்கினேன்” என்றான்.