ரெண்டு எலுமிச்சை, ரெண்டு கத்தரிக்காய்

கால்பந்து ஆட்டத்தை நான் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே அதில் ஊறிப்போனவள். எந்த டீம் மழையில் சறுக்கும், எந்த டீம் முதல் கோல் வாங்கினதும் கை கால் விட்டுப்போகும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். சித்தூரில் எங்கள் மிஷன் தெருவில் ஆம்பிளைகள்கூட என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் பட்டணத்து லீக்கில் யார் மேலே, யார் கீழே என்று சொல்ல எழுத்து அவ்வளவாக வேண்டாம். கொஞ்சம் எண்ணும் நிறைய ஞாபகமும் இருந்தால் போதும். அது எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பட்டணம் என்றால் எங்களுக்கு மதராஸ்தான். அங்கே ஒரு மில்லின் டீமுக்கு என் அண்ணன் கோல்கீப்பர். பந்து நன்றாகப் பிடிக்கிறான் என்பதற்காகவே கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார்கள். பகலில் நூல் கட்டு அடுக்குவான், சாயங்காலம் மைதானத்துக்குப் போவான். சனிக்கிழமை ஆட்டம். அதன் முடிவு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும்.

இங்கேதான் எங்கள் வீட்டுத் தொல்லை ஆரம்பம். என் நைனா எங்கள் சபைக் கோயிலில் மணி அடிக்கிறவர், தோட்டமும் அவர் பொறுப்பு. ஓய்வுநாள் என்றால் அவருக்கு ஓய்வுநாள்தான். அன்றைக்கு வேதப் புஸ்தகத்தையும் பாட்டுப் புஸ்தகத்தையும் தவிர வேறே அச்செழுத்து கண்ணில் படக்கூடாது. மத்தியான ரயிலில் வரும் பேப்பரை வாங்குவார், மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துப் பூட்டுவார், திங்கட்கிழமை காலையில்தான் பிரிப்பார். மகன் ஆடின ஆட்டம் பெட்டிக்குள் கிடக்கும். நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருவோம்.

நைனாவின் தம்பி, நாங்கள் சின்ன நைனா என்று கூப்பிடுவோம், திருப்பதி ஸ்டேஷனில் வேலை. ரயிலுக்கு ஏது ஓய்வுநாள்? பட்டணத்துப் பேப்பர் திருப்பதிக்குக் காலையிலேயே வந்துவிடும். முதலில் ஒரு சீட்டில் எழுதி மத்தியான ரயிலின் கார்டு கையில் கொடுத்தனுப்பினார். நைனா அந்தச் சீட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "வாயால சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டதற்கு, "கார்டு வாயால சொன்னாலும் அது பேப்பர்தாண்டா" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் சின்ன நைனா ஒரு துணி மூட்டை அனுப்பினார். உள்ளே மூன்று எலுமிச்சம்பழம், ஒரு கத்தரிக்காய். அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் விளைந்தவை. அம்மா சாதாரணமாகக் குழம்பு வைத்துவிட்டாள். திங்கட்கிழமை பேப்பரைப் பிரித்தால் மூன்றுக்கு ஒன்று என்று எங்கள் டீம் ஜெயித்திருந்தது. எனக்குத்தான் முதலில் புரிந்தது. எலுமிச்சை நாங்கள் போட்ட கோல், கத்தரிக்காய் நாங்கள் வாங்கின கோல். நைனாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காய்கறி அனுப்புறது பாவம்னு எங்கயும் எழுதல" என்றார் கடைசியில்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போவது என் வேலை. கார்டு தெலுங்குக்காரர், என்னைக் கண்டதும், "அம்மாயி, இதோ உன் கூரகாயலு" என்று காய்கறி மூட்டையை நீட்டுவார். ஒரு கோலும் விழாத வாரம் முடிச்சுப் போட்ட வெறுந்துணி வரும். அதையும் பத்திரமாகக் கொண்டு வருவேன். வீட்டில் நைனா ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

"இன்னிக்கு பழம் எத்தினி கீது?"

"ஒண்ணு, நைனா."

"கத்தரிக்கா?"

"நாலு."

"எல்லாமே சொத்தையாத்தான் இருக்கும், போ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வருஷம் டீமுக்கு நேரம் சரியில்லை. லீக்கில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் பட்டாளத்து டீமோடு. அவர்கள் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள், நம்மவர்கள் வெறுங்கால். ஜெயித்தால் மேல் பிரிவிலேயே இருக்கலாம். சமமாக முடிந்தால்கூடக் கீழே போகவேண்டியதுதான். கீழே போனால் பந்துக்காக வேலைக்கு எடுத்தவர்களை நிறுத்திவிடுவோம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் கடுதாசியில் இதை எழுதியிருந்தான். அம்மா சனிக்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்டு மூட்டையைக் கொடுத்தார். ஸ்டேஷன் மதில் ஓரம் வேப்பமரத்தடியில் அவிழ்த்துப் பார்த்தேன். வீடு வரைக்கும் பொறுக்க எனக்கு என்றைக்குமே முடிந்ததில்லை. ரெண்டு எலுமிச்சை. ரெண்டு கத்தரிக்காய்.

அப்படியே நின்றேன். வெயிலில் அம்மா வாசலில் நிற்பாள், பட்டினி வேறே. பக்கத்தில் ஒரு ஆடு கட்டியிருந்தது. அது என் கையையே பார்த்தது. யாரும் என்னைத் தூண்டவில்லை, எனக்குப் புத்தி கெட்டும் போகவில்லை. தெரிந்தேதான் செய்தேன். ஒரு கத்தரிக்காயை அதன் வாய்க்கு நேரே நீட்டினேன். காம்பு வரைக்கும் தின்றுவிட்டது.

வீட்டில் மூட்டையை அவிழ்த்ததும் அம்மா எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். நைனா எழுந்து போனார். அன்றைக்குச் சாயங்கால ஆராதனைக்கு மணி அடித்தார் பாருங்கள், தெருவில் என்னமோ தீப்பிடித்துவிட்டது என்று ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு சந்தோஷப்படுகிறவள் இல்லை என்பதை மறந்துபோனேன். வளர்த்த சேவலைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டாள், ஸ்தோத்திரக் காணிக்கையாக. போதகர் ஐயா சபைக்கு முன்னால் எழுந்து, "நம்முடைய மணியடிக்கிற சகோதரரின் மகன் ஆட்டத்தில் ஜெயம் பெற்றதற்காகவும் அவன் வேலை நிலைத்ததற்காகவும்" என்று வாசித்தார். சபை முழுக்க எழுந்து நின்று பாட்டுப் பாடியது. நானும் வாயை அசைத்தேன். சேவல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்ததும் வழக்கப்படி அதை ஏலம் விட்டார்கள். உபதேசியார் வீட்டுக்குப் போய் அது குழம்பாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் நைனா பேப்பரைப் பிரித்து என்னிடமே கொடுத்தார். "நீயே படி, அம்மா கேக்கட்டும்."

எழுத்துக்கூட்டினேன். பட்டாளத்து டீம் இரண்டு. மில் டீம் இரண்டு. வேறு மாதிரி வாசித்திருக்கலாம், அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஸ்கோரை மாற்றி வாசிக்க எனக்கு நாக்கு வரவில்லை. ஆட்டத்தில் அக்கறை உள்ள யாருக்கும் வராது.

நைனா பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். "ஒரு கத்தரிக்காதானே வந்துச்சு! எண்ணக்கூடத் தெரியாதா எந்தம்பிக்கு? வரட்டும் அவன்!"

சின்ன நைனா மேல் பழி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "ரெண்டுதான் வந்துச்சு, நைனா. ஒண்ண ஆடு துன்னுடுச்சு."

"ஆடு தானா துன்னுச்சா, நீ குடுத்தியா?"

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆண்டவருக்கே பொய் ஸ்கோர் சொல்லிட்டமேடி" என்றார்.

அம்மா அதை விட்டுவிட்டாள். "எம்புள்ள வேல போயிடுச்சா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போய்விட்டது. வியாழக்கிழமை அண்ணன் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். இளைத்திருந்தான். முழங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. அம்மா அந்த முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "சாப்டியா, சாப்டியா" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சபைக்கு முன்னால் சொன்னதைச் சபைக்கு முன்னால்தான் திருத்த வேண்டும் என்று நைனா ஒரே பிடியாக நின்றார். காணிக்கையைத் திருப்பிக் கேட்பதா என்று அம்மாவுக்கு ஆத்திரம்.

"குடுத்த ஸ்தோத்திரத்த யாராவது வாபஸ் வாங்குவாங்களா? எம்புள்ள கையும் காலுமா வூடு வந்துட்டான். அதுக்குன்னு வெச்சிக்க சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா அப்படியே அறிவித்தார். போன வாரத்து ஜெயம் ஜெயமில்லை, சமம் என்றும், காணிக்கை மகன் சுகமாக வீடு வந்ததற்கு என்றும். என் பேரையும் ஆட்டையும் சொல்லாமல் விட்டார். அவர் நல்ல மனுஷர். அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

கோயிலுக்கு வெளியே வந்ததும் ஆம்பிளைகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ரெண்டாவது கோல எப்டி உட்டுட்ட?"

"நான் இப்டி நிக்கிறேன். அவன் அந்தப் பக்கமா வந்துகினு கீறான்..." அண்ணன் முதலில் கையால்தான் காட்டினான். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரைச் சிப்பாயாக நிற்கவைத்தான். செருப்பு இரண்டைக் கோல் கம்பமாக வைத்தார்கள். நைனா தூரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டே பார்த்தார், பூட்டினார், மறுபடியும் பார்த்தார். கடைசியில் சாவிக்கொத்தோடு வேகமாக வந்தார். ஓய்வுநாளில் இதென்ன என்று விரட்டப்போகிறார் என்று எல்லாரும் விலகினார்கள்.

"நீ ரெண்டடி முன்னால வந்திருக்கணும்டா! அங்கயே நின்னுகினு இருந்தா கோல் அடிக்காம இன்னா பண்ணுவான்?" என்றார்.

அன்றைக்குத் திருப்பதியிலிருந்து சின்ன நைனாவும் லீவு போட்டு வந்திருந்தார். அங்கே ஸ்டேஷன் ஆட்கள் சேர்ந்து டீம் கட்டியிருப்பதாகவும், கோல்கீப்பர் இல்லாமல் மாட்டுக்காரன் ஒருத்தனை நிறுத்தியிருப்பதாகவும், கூட்ஸ் ஷெட்டில் ஒரு வேலை காலி என்றும் சொன்னார். தற்காலிக வேலைதான். செவ்வாய்க்கிழமை அண்ணன் ரயிலேறினான். அந்தத் தற்காலிகம் அவன் பென்ஷன் வாங்கும் வரைக்கும் நடந்தது.

எனக்கு மட்டும் ஒரு நஷ்டம். ஸ்டேஷன் ஆட்கள் ஆடுவதை எந்தப் பேப்பரிலும் போட மாட்டார்கள். மாசத்துக்கு ஒருதரம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது அவன் வாயால் சொல்வதுதான் முடிவு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும், அவன் கணக்குப்படி அந்த டீம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் முழுசாக நம்பினாள். நான் அவன் முகத்தைப் பார்ப்பேன், அவன் என் முகத்தைப் பார்ப்பான். "எத்தினி கோல் போட்டீங்க?" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எத்தனை வாங்கினான் என்று நான் கேட்டதே இல்லை.