பச்சை நைட்டிக்குப் பழகிய மீன்

டிஸ்கஸ் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. அது வந்த தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, நம் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாக, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்தது மீனுக்கே தெரியக் கூடாது. இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பண்ணையில் பிறந்த டிஸ்கஸைப் பல வருஷம் வளர்த்தவன் நான். அவை தீனி டப்பாவைப் பார்த்தாலே ஓடிவரும். எனக்கோ அமேசான் ஆற்றில் வலைபோட்டுப் பிடித்த காட்டு மீன்மேல் ஆசை. கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைக்காரரை நச்சரித்து மூன்று வாங்கிவந்தேன். தட்டு போல வட்டம், செம்மண் நிறம், முகத்தில் நீலக் கோடுகள். எங்கள் ஊரப்பாக்கத்து போர் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும். அது ஆகாது என்று கேன் தண்ணீர் ஊற்றினேன். தெருவில் உதிர்ந்த வாதாம் இலைகளைப் பொறுக்கி ஊறப்போட்டு, தண்ணீரை அந்த ஆற்றைப் போல டீ நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அப்படியும் இரண்டு மௌத்தாகி மிதந்தன. மூன்றாவது, மரக்கட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. எதைப் போட்டாலும் தொடவில்லை. என் நிழல் விழுந்தாலே கறுத்துப்போகும். அதற்கு நானும் கொக்கும் ஒன்றுதான்.

திருமுடிவாக்கத்துப் பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஒரு மீனின் வாய் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அசையாது. அதை இனி ஆற்றில் கொண்டுபோய் விடவும் முடியாது. என் ஆசைக்காக ஒரு உயிர் பட்டினி கிடந்து சாகப்போகிறதே என்று சோறு இறங்கவில்லை.

அதைச் சாப்பிட வைத்தது என் மனைவி. அவள் மெனக்கெட்டு ஒன்றும் செய்யவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஃபேன் காற்று நன்றாக வரும் என்பதால், பச்சை நைட்டியும் தோளில் துப்பட்டாவுமாக அங்கே நாற்காலி போட்டுக் காய் நறுக்குவாள். மீனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் இறால் உரிக்கும்போது, பொடிப்பொடியாகக் கிள்ளி, நாம் சாப்பிடும்முன் சொல்வது போல பிஸ்மி சொல்லி உள்ளே போட்டாளாம். நான் வந்ததும் சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க மீனு சாப்ட்டுச்சுங்க."

நான் நம்பவில்லை. மறுநாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அது கண்ணாடியோரம் வந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்ததும் ஓடி ஒளிந்தது. சந்தோஷம்தான். ஆனாலும் வாங்கிவந்தவன் நான், வாலாட்டுவது அவளிடமா என்று வயிறு எரியத்தான் செய்தது.

மகளுக்குத் தலைப்பிரசவம். ஆபீஸில் லீவு கிடைக்காததால் அவளால் துபாயிலிருந்து வர முடியவில்லை. தாய்தான் போகவேண்டி வந்தது. அந்தப் பச்சை நைட்டி ரொம்பப் பழசு என்று கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனாள். "அத பட்டினி போட்டுராதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கிளம்பியதும் மீன் மறுபடி மரக்கட்டைக்குப் பின்னால் போனது. நாளாக ஆக, தின்னாமல் அதன் நெற்றி கத்தி போல ஒடுங்கியது.

வேறு வழி தெரியாமல் நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோளில் ஒரு துண்டு, மடியில் பீன்ஸ். நிமிர்ந்து பார்க்காமல் நறுக்கினேன். பிஸ்மி சொல்லி இறாலைப் போட்டேன். மெல்ல வந்து, வாயால் தண்ணீரை ஊதி, ஒரு துணுக்கை எடுத்தது. என் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் கேன் போடுகிறவர் உள்ளே வந்தார்.

"இன்னா சார் இது கோலம்? அக்கா ஊர்ல இல்லியா?"

"மீனுக்காகப்பா."

"மீனு கேட்டுச்சா, நைட்டி போட்டுகினு வான்னு?"

சாயங்காலத்துக்குள் ஃப்ளாட் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக ஒரு ஆசையும் முளைத்தது: இது என்னை நானாகவே பார்த்து வரவேண்டும். அதற்குத்தான் சொட்டு வித்தை இருக்கிறதே. நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு மடியில். பிறகு நாற்காலியின் முதுகில். கடைசியில் சட்டை லுங்கியோடு உட்கார்ந்தேன், அப்போதும் வந்தது. என் விரலிலிருந்தே வாங்கித் தின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நைட்டியைத் துவைத்து, மடித்து, பீரோவில் வைத்தேன்.

அதன்பின் பல வாரம் மீன் கண்டதெல்லாம் என் சட்டை லுங்கியைத்தான். விசா முடிந்து அவள் திரும்பி வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. பீரோவிலிருந்து பச்சை நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, கீரைக்கட்டோடு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். மீன் விருட்டென்று கட்டைக்குப் பின்னால் போனது. பிஸ்மி சொல்லி இறால் போட்டாள். துணுக்குகள் அப்படியே அடியில் போய்க் கிடந்தன. கீரை முழுவதையும் ஆய்ந்து முடிக்கும்வரை காத்திருந்தாள். தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் பக்கத்தில் போனதும், மீன் வெளியே வந்து என் பக்கமாக நின்றது.

"உங்களுக்குப் பழகிடுச்சு போல" என்றாள். "பரவாயில்லங்க. உசுரோட இருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்போது மகள் போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் பேரனின் அழுகை கேட்டது.

"நீ விமானம் ஏறுனதுலேர்ந்து ஒரே அழுகம்மா. நல்லவேள, உன் துப்பட்டாவ விட்டுட்டுப் போன. அதப் போத்துனாத்தான் தூங்குறான். உன் வாசன போயிடும்னு துவைக்காம வச்சிருக்கேன்."

"துவைக்காத" என்றாள் என் மனைவி. "அப்படியே இருக்கட்டும்."

இங்கேயும் கதவுக்குப் பின்னால் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். துவைத்து வைத்தது நான்.