முகம் தெரியும் துணி

மீட்டர் அக்கா என்றால் அந்தத் தெருக்களில் நாய்கூட வாலாட்டும். மின்வாரியத்தில் பத்தொன்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து எழுதியவள். உச்சி வெயிலிலும் குடை எடுக்க மாட்டாள். "ஒரு கையில நோட்டு, ஒரு கையில பேனா. குடையைப் பல்லாலயா கடிச்சுக்கறது?" என்பாள்.

அந்த வெயிலே அவளுக்கு எமனாக வந்தது. கன்னம் சிவந்து தடித்தது, விரல் மூட்டெல்லாம் வீங்கியது. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் என்றார் மருத்துவர். வெயில் பட்டால் இன்னும் மூர்க்கமாகுமாம். மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். வேலையை விட்டாள்.

பிறகு ஆறு வருடம், முதல் மாடி வீட்டில், கனத்த திரைக்குள். கூடத்து ஜன்னல் மேற்கே பார்த்தது. எதிரே பஸ் ஸ்டாப். பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் காய் நறுக்குவாள். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வெறும் சத்தம்தான்.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். "ஊரையெல்லாம் ஏத்தி இறக்கறேன். பொண்டாட்டியை ஒரு மாடி இறக்க வழியில்ல" என்று சிரித்தபடிதான் சொல்வார், அவளுக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"ஒரு ஆபீஸ்ல வெயில் திரை மாட்டியிருக்காங்க. ஜன்னலை முழுசா மூடியிருக்கு, ஆனா அது வழியா ரோடு தெரியுது. சூடும் அவ்வளவா இல்ல. கையை வச்சுப் பாத்தேன்."

"பஸ் ஸ்டாப் தெரியுமாங்க?" ஆறு வருடத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

திரைக்கடைக்காரர் மாதிரித் துணிகளோடு வந்தார். எல்லாம் சல்லடை போல நுண்ணிய ஓட்டை விட்டு நெய்த துணிகள்.

"நூத்துக்கு மூணு பங்கு ஓட்டைன்னா மூணு பர்சென்ட். அஞ்சு, பத்துன்னு போகப் போக வெளிய நல்லாத் தெரியும், வெயிலும் கூட வரும். வெள்ளைத் துணி சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனா வெளிய மங்கலா இருக்கும். கறுப்பு கொஞ்சம் சூட்டை வாங்கும், ரோடு பளிச்சுன்னு தெரியும்."

"நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு சொல்லுங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

கறுப்பில் மூன்று பர்சென்ட் மாட்டினார்கள். பஸ் தெரிந்தது, மரம் தெரிந்தது, ஆட்கள் நடப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. சரி, ஓட்டை போதவில்லை என்று ஐந்துக்கு மாற்றினார்கள். அப்போதும் அப்படியே. பத்து வேண்டும் என்றாள்.

"வேணாம்மா, வெயில் உள்ள வரும்" என்றார் கணவர்.

"வந்தா வரட்டும். மனுஷங்க மூஞ்சியைப் பாத்து ஆறு வருஷம் ஆச்சுங்க."

அவரால் மறுக்க முடியவில்லை. பத்து பர்சென்ட் ஏறிய ஒரே வாரத்தில் கன்னத்தில் பழைய தடிப்பு வந்தது. முகம்தான் வரவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள். "உங்க துணியே ஏமாத்து."

அவர் அன்று மத்தியானமே வந்தார். திரையருகே நின்று தெருவைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், நகர்ந்து பார்த்தார்.

"அக்கா, ஸ்டாப்ல நிக்கறாரே, அவர் சட்டையில மேல் பட்டன் இல்ல. எனக்குத் தெரியுதே."

கணவரும் பார்த்தார். "ஆமா, பட்டன் இல்ல" என்றார் மெல்ல.

அவள் பார்த்தாள். தோள் தெரிந்தது, கைப்பை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈர மையைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டது போல ஒரு கறை. பார்வையை ஓரமாகத் திருப்பினால் முகம் இருந்தது. நேரே பார்த்தால் போயிற்று. மாத்திரை அட்டையில் எழுத்துகள் விட்டுவிட்டுத் தெரிந்தது ஞாபகம் வந்தது. வீடு இருட்டு, அதனால்தான் என்று இருந்துவிட்டாள். இப்போது கணவர் பக்கம் திரும்பினாள். கை எட்டும் தூரத்தில் நின்றார். காது இரண்டும் இருந்தன. மூக்கும் வாயும் இல்லை.

"துணி நல்ல துணிதாங்க" என்றாள்.

கடைக்காரர் கையோடு கொண்டுவந்திருந்த மாதிரித் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

கண் மருத்துவர் நோய்ச்சீட்டைப் புரட்டினார். "இந்த மாத்திரை சில பேருக்குக் கண்ணோட நடுப்பகுதியை அரிச்சிடும். வருஷா வருஷம் பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கே. நாலு வருஷமா ஏன் வரலை?"

கண் ஆஸ்பத்திரியில் பகலில் மட்டும்தான் பார்ப்பார்கள். வரிசையோ திறந்த முற்றத்தில். ஒவ்வொரு வருடமும் கணவர் கூப்பிட்டார். "அடுத்த மாசம் போலாம்" என்று அவள்தான் தள்ளினாள், வெயிலுக்குப் பயந்து. அதை எப்படிச் சொல்வது?

"மாத்திரையை நிறுத்திடலாம். ஆனா போன பார்வை திரும்பாதும்மா. இன்னும் கொஞ்சம் குறையவும் குறையலாம்."

நிறுத்தினார்கள். அந்த மாதமே மூட்டு வீக்கம் திரும்பியது. புது மாத்திரை வயிற்றைப் புரட்டியது. பட்ட காலிலே படும் என்பது அவளைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

பத்து பர்சென்ட் துணியைக் கழற்றிய அன்று கணவர் கேட்டார்.

"இப்ப எதைம்மா மாட்டட்டும்?"

"சூட்டைத் தடுக்கறதை மாட்டுங்க. பாக்கறதுக்கு என்ன இருக்கு."

வெள்ளையில் மூன்று பர்சென்ட் வாங்கி வந்தார். ஏணி போட்டு, மட்டம் வைத்து, தானே மாட்டினார். கூடம் முழுக்கப் பால் போன்ற வெளிச்சம் மட்டும் நின்றது. தெரு இல்லை.

"நேரா இருக்கா பாரு" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கு" என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே.

ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே வந்து நின்றார். நிமிர்ந்து நேராகப் பார்த்தால் அவர் முகம் போய்விடும் என்று அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.