லாட வடிவில் போட்ட பந்தி

எங்கள் மகள் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னபோது நானும் என் கணவரும் தடை சொல்லவில்லை. பையன் தங்கமானவன். அவனுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறார். கீழக்குயில்குடிப் பக்கம் வீடு. பையனுக்குக் காது கேட்கும். அவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் சின்ன வயதிலிருந்தே பேசிக் கொடுப்பவன் அவன்தான்.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களை வண்டியூரில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டோம். தங்களுக்கு நெருங்கிய மூன்று தம்பதிகளையும் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் காது கேட்காது. “எங்களுக்குச் சொந்தம்னா அவங்கதான்னு அம்மா சொல்லச் சொன்னாங்க அத்தை” என்றான் பையன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் பேப்பரில் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். இரண்டு நாள் முன்பே யாரை எங்கே உட்கார வைப்பது என்று படம் வரைந்துவிட்டேன். மொட்டை மாடியில் சாமியானா கட்டி, வாடகை டேபிள்களை ஒரே நீள வரிசையாகப் போட வேண்டும். எல்லாரும் ஒரே பக்கமாக உட்கார வேண்டும், எதிரே தெப்பக்குளம் முழுசாகத் தெரியும். விருந்தாளிகள் தனியாக விட்டதுபோல் நினைத்துவிடக் கூடாது என்று, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நடுவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர். டேபிளில் இரண்டு இலைக்கு ஒரு பூச்சாடி. ஞாயிறு காலை எல்லாம் போட்டு முடித்து, தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அவர்கள் வந்தார்கள். காப்பி குடித்து மாடிக்கு வந்ததும் சம்பந்தியம்மா டேபிள் வரிசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகனிடம் கையை அசைத்து ஏதோ சொன்னார். அவன் தயங்கினான்.

“அத்தை, தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? டேபிளைக் கொஞ்சம் மாத்திப் போடலாமான்னு அம்மா கேக்குறாங்க.”

இலைகூடப் போட்டாயிற்று. எனக்குச் சுருக்கென்றது. “ஏன் தம்பி, எதுவும் குறையா?”

“குறையெல்லாம் இல்ல அத்தை. வரிசையா உக்காந்தா பக்கத்துல இருக்கவங்க கைதான் தெரியும். கடைசியில இருக்கவங்க என்ன பேசுறாங்கன்னு தெரியாது.”

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். “அட, இம்புட்டுத்தானே? பிடிங்க மாப்ள அந்தப் பக்கம்.”

இலைகளை நான் எடுக்க எடுக்க, சம்பந்தியம்மா கையால் காட்டிக் காட்டி டேபிள்களை லாட வடிவில் வளைத்துப் போட வைத்தார். பூச்சாடிகளைத் தானே தூக்கி மாடிப்படி ஓரம் வைத்தார். ஒரு மூலையில் உட்கார்ந்து எதிரே பார்த்தார், எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து இங்கே பார்த்தார். வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்பவர் முகம் இருட்டாகிவிடும் என்று ஒரு பக்கம் துணியை இழுத்துக் கட்டச் சொன்னார். இருபத்தைந்து வருஷமாக விருந்து வைக்கிறேன். உட்காருகிறவர் கண்ணிலிருந்து ஒரு பந்தியை நான் பார்த்ததே இல்லை. பாதிப் பேர் தெப்பக்குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் அதைத் தேடவில்லை.

சாம்பார் வாளியோடு லாடத்துக்குள் நுழைந்தபோது பேச்சு தொடங்கியிருந்தது. வலது கை சோற்றைப் பிசைய, இடது கை பேசியது. ஒரு கோடியில் இருந்தவர் இன்னொரு கோடியில் இருந்தவரோடு கத்தாமல் பேசினார். வாயில் சோறு இருக்கும்போதும் பேசினார்கள். கூப்பிட வேண்டுமென்றால் டேபிளை இரண்டு தட்டு தட்டினார்கள், அதிர்வு போய்ச் சேர்ந்தது. நான் நின்று பரிமாறிய இடத்தில் எல்லாம் தலைகள் என்னைச் சுற்றி எட்டிப் பார்த்தன. அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. அதிலிருந்து குனிந்தே நடந்தேன். என் தலைக்கு மேலே அம்புட்டுப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. இவர்களுக்குப் பேச வராது என்றுதான் சொந்தக்காரர்களிடம் எல்லாம் நான் சொல்லி வைத்திருந்தேன்.

பாயசம் வந்தபோது சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கதையை ஆரம்பித்தார். பையன் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“என் கதைதான் அத்தை, நான் ஆறாவது படிக்கையில நடந்தது. ஸ்கூல்ல அப்பா அம்மாவைக் கூட்டியாரச் சொல்லிட்டாங்க. டீச்சர் என்னைத் திட்டுறாங்க. கிளாஸ்ல அடங்கவே மாட்டேங்கிறான், கணக்குல முட்டைன்னு. நான்தானே அம்மாவுக்குச் சொல்லணும்? நல்லாப் படிக்கிறேனாம், டீச்சருக்கு என்னை ரொம்பப் பிடிக்குமாம்னு சொல்லிட்டேன். அம்மா டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டாங்க…”

அதோடு அவன் நிறுத்திவிட்டான். சம்பந்தியம்மாவின் கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நல்ல சத்தம் இருந்தது, டேபிளே குலுங்கியது.

“என்ன மாப்ள, என்ன சொன்னாங்க?” என்றார் என் கணவர்.

“டீச்சர் மூஞ்சியைப் பாத்தே அம்மாவுக்கு அப்பவே புரிஞ்சிருச்சாம் மாமா. மகன் இம்புட்டு அழகாப் பொய் சொல்றானே, பிழைச்சுக்குவான்னுதான் கும்பிட்டாங்களாம்.” அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “இது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

அவன் அம்மா இலைக்கு மேலே எட்டி அவன் கன்னத்தைத் தட்டினார். நான் பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எத்தனை பிள்ளைகளின் அம்மாக்கள் என் எதிரே நின்றிருப்பார்கள், என் முகத்தில் என்னவெல்லாம் படித்திருப்பார்கள்!

கல்யாணத்துக்கு அவர்கள் பக்கத்திலிருந்து காது கேட்காதவர்கள் முப்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். சமையல் கான்ட்ராக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “வளைச்சுப் போட்டா ஒரு வரிசையே போயிரும்மா, இடம் பத்தாது” என்றார். போனால் போகட்டும் என்று மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலின் ஒரு பாதியை அவர்களுக்காக வளைத்துப் போட வைத்தேன்.

கல்யாணத்தன்று சாப்பிட்டு முடித்து, இலையை மடித்த பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. முப்பது ஜோடிக் கைகள் பறந்துகொண்டிருந்தன. பரிமாறுகிறவர்கள் வாளியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கான்ட்ராக்டர் என்னிடம் ஓடி வந்தார்.

“அம்மா, அடுத்த பந்திக்கு ஆள் நிக்குது.”

“கொஞ்சம் பொறுங்கண்ணே” என்றேன். “அவங்க பேசிக்கிட்டு இருக்காங்க.”