காலி என்று நினைத்த வானம்

எங்கள் தெருவில் எனக்கு எக்ஸ்ரே டீச்சர் என்று பெயர். வீடு செம்மண்டலத்தில். வாரநாட்களில் கடலூரில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்குப் போய் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சியைப் பார்ப்பேன். என்ன ஆராய்ச்சி என்று யாரோ கேட்டதற்கு என் கணவர் "எக்ஸ்ரே" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்தார். வினை அன்றைக்குப் பிடித்தது. எதிர்வீட்டு அத்தை தன் முட்டிக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை உறையோடு கொண்டுவந்து நீட்டினார்.

"கொஞ்சம் பாத்து சொல்லும்மா. டாக்டரு தேய்மானம்ங்கறாரு. ஜாஸ்தியா கம்மியான்னு சொல்ல மாட்டேங்கறாரு."

"அத்த, நான் பாக்கறது வானத்துலேருந்து வர்ற எக்ஸ்ரே. முட்டி இல்ல."

"வானத்துல யாரும்மா போயி எக்ஸ்ரே எடுக்கறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவரிடம் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். வானத்தில் சில இடங்களிலிருந்து எக்ஸ்ரே கதிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நம் தலைக்கு மேலிருக்கும் காற்று அவற்றைத் தடுத்துவிடுவதால், மேலே சுற்றும் செயற்கைக்கோளில் உள்ள கருவிதான் அவற்றைப் பார்க்க முடியும். ஆனால் அந்த மாதிரிக் கருவிகள் பலவற்றுக்குத் தெரு தெரியும், கதவு எண் தெரியாது. இந்தச் சின்ன வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது என்று கைகாட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். வட்டத்துக்குள் பார்த்தால் பல நட்சத்திரங்கள் இருக்கும். அதில் எது, அது என்ன ஜாதி என்று கண்டுபிடிப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை. சாதாரணத் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் ஒளியைப் பிடித்து வானவில்லாகப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு நிறமாலை என்று பெயர். அமைதியான நட்சத்திரம் என்றால் குறிப்பிட்ட நிறங்களில் இருட்டுக் கோடுகள், பள்ளங்களாக விழுந்திருக்கும். அங்கே ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது என்றால் அதே மாதிரி இடங்களில் பிரகாசமான கோடுகள் மேடாக எழுந்து நிற்கும்.

எனக்கு வாய்த்த வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. மற்றவை மங்கல். கதவு எண் இல்லாத பார்சலோடு வருகிற கொரியர்காரர் தெருவில் பெரிய வீட்டின் மணியைத்தான் முதலில் அடிப்பார். நானும் அதைத்தான் செய்தேன்.

"மத்ததையும் மனசுல வெச்சுக்கம்மா," என்றார் என் நெறியாளர்.

"இதுதான் சார். பாத்தாலே தெரியுது," என்றேன்.

அவர் அதிகம் பேச மாட்டார். சிரித்துக்கொண்டு தொலைநோக்கி நேரத்துக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

இதில் என் தலை எப்படி மாட்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு பிரசவம், ஒரு புயல், மாமனாருக்காக ஆஸ்பத்திரி வராண்டாவில் கழிந்த ஒரு மழைக்காலம் என்று ஆராய்ச்சி இழுத்துக்கொண்டே போயிருந்தது. கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அந்த வருடத்தோடு நெறியாளரும் ஓய்வு பெறுகிறார். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் தயார்தான், ஆனால் அவையெல்லாம் நிற்பது இந்த ஓர் எக்ஸ்ரே மூலத்தின் மேல். இது என்ன என்று சொல்ல முடியாவிட்டால் ஆய்வேடு கிடையாது, பட்டமும் கிடையாது. எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். சம்பள உயர்வுக்காக என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன், அது பொய். ஒரு பொருள் என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாதபோது எனக்கு முதலில் தெரிய வேண்டும் என்ற வெறும் ஆசைதான்.

வடக்கே மலை மேல் இருக்கும் ஒரு தொலைநோக்கியில் நேரம் கேட்டோம். முதல் முறை மேகம் மூடிக்கொண்டது. அடுத்த முறை அங்கிருந்தவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு மாவு ஊற்றிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

வந்த படத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. நட்சத்திரத்தின் ஒளி ஒரு மெல்லிய பிளவு வழியாகக் கருவிக்குள் போகிறது. அதே பிளவு வழியாக வானத்தின் வெளிச்சமும் கொஞ்சம் நுழையும். அதனால் பிளவின் நீளத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து, நட்சத்திரத்தின் ஒளியிலிருந்து கழித்துவிட வேண்டும். மீதி இருப்பது நட்சத்திரம். பழகிய கை, யோசிக்காமல் செய்துவிடும்.

செய்தேன். இட்லி வேகிற நேரத்தில் என் கனவு அவிந்துபோனது. ஒரு மேடு கூட இல்லை. எல்லாம் பள்ளம். நம் சூரியனைவிடக் கொஞ்சம் குளிர்ந்த, சாதுவான, யாருக்கும் தொந்தரவு தராத ஒரு நட்சத்திரம். ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. நீல நிறப் பக்கத்தில், ஹீலியத்துக்கு உரிய ஓர் இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். அந்த ஹீலியம் கோடு வர வேண்டுமென்றால் பயங்கரமான சூடு வேண்டும். இந்தக் குளிர்ந்த நட்சத்திரத்தில் அது வர வழியே இல்லை. கேமராவில் ஏதோ அழுக்கு என்று தள்ளிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்தில் நெறியாளர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பள்ளம் என்னம்மா?"

"கோளாறு சார்."

"எதோட கோளாறு?"

எனக்குத் தெரியவில்லை. மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வரும் பஸ்ஸில் முட்லூரில் பரங்கிப்பேட்டைக்காரர்கள் ஒரு கூட்டம் ஏறியது. விமான நிலையத்துக்குப் போகிற பையனை வழியனுப்ப வந்தவர்கள் போல. பெட்டிகளுக்கு நடுவே எல்லோரும் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"வுடு. இன்னொரு தடவ டைம் கேளேன்."

"கேட்ட ஒடனே குடுக்கறதுக்கு அது என்ன மாமா, கேஸ் சிலிண்டரா? அதுக்குள்ள சார் ரிட்டயர் ஆயிடுவாரு."

அவர் மறுநாள் காலை, "வா, தேவனாம்பட்டினம் போயி மீன் வாங்கியாரலாம்," என்று வண்டியை எடுத்தார். என்னைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்த ஒரே வழி மீன்.

கரையில் படகுகள் வந்து நேரமாகியிருந்தது. ஓர் அக்கா நெத்திலியும் சங்கராவும் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் எலக்ட்ரானிக் தராசு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. எனக்கு முன்னால் வாங்கியவருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, டப்பாவைத் தராசில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். பூஜ்யம் காட்டியது. அப்போதுதான் டப்பாவின் அடியில் ஒரு கை அளவு நெத்திலி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார் போலிருக்கிறது, அதை எடுத்துக் குவியலில் தட்டிவிட்டுக் காலி டப்பாவைத் திரும்ப வைத்தார். தராசு மைனஸில் ஓர் எண்ணைக் காட்டியது.

"இன்னாடா இது! ஒண்ணுமே வெக்கல, மைனசுல காட்டுது," என்று அதன் மண்டையில் ஓர் அடி வைத்தார்.

எனக்குள் இருக்கும் டீச்சர் சும்மா இருப்பாளா? அதிலும் அன்றைக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் என்று காத்திருந்தாள்.

"மிஷின ஏன்க்கா அடிக்கறீங்க? அது சரியாத்தான் காட்டுது. ஜீரோ வெக்கும்போது உள்ள மீன் இருந்துச்சு. இல்லாத எடத்துல பள்ளம் வருதுன்னா காலின்னு நெனச்சது காலி இல்லன்னு..."

மைனஸ் என்று சொல்ல வந்தவள் பள்ளம் என்று சொல்லிவிட்டேன். அதோடு வாய் நின்றுவிட்டது.

"இன்னாம்மா, எத்தினி கிலோ?"

"மாமா, நான் போறேன். நீங்க மீன் வாங்கிட்டு ஆட்டோவுல வாங்க," என்று வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"மீன் வாங்கறதுக்குள்ள அப்படி என்னடி?"

வண்டியைக் கிளப்பினேன். வருடா வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, அளப்பதற்கு முன்னால் ஜீரோ எரர் பார் என்று கத்துகிறவள் நான். அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, காலி வானம் என்று நான் கழித்த அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே மிக மங்கலாக ஓர் ஒளிக்கீற்று ஓடியது. அதன் மேல் அங்கங்கே புள்ளிகள். வழக்கமாகப் படத்தில் விழும் தூசி போன்ற புள்ளிகள் என்று முதலில் விட்டிருந்தேன். பிளவை அன்றைக்கு எந்தக் கோணத்தில் வைத்தார்களோ, அது என் பெரிய வீட்டோடு சேர்த்துப் பக்கத்துக் குடிசையையும் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. நான் கேட்டு வாங்கியதில்லை, சும்மா கிடைத்தது. அந்தக் கீற்றைத் தனியாக எடுத்து, இந்த முறை நிஜமாகவே காலியாக இருந்த வேறோர் இடத்தை வைத்துக் கழித்தேன்.

தூசி என்று விட்ட அந்தப் புள்ளிகளின் இடத்தில் ஹைட்ரஜன் கோடுகள் வரிசையாக மேடாக நின்றன. நீலப் பக்கத்தில், அந்தப் பள்ளம் இருந்த அதே இடத்தில், ஹீலியமும் மேடாக நின்றது. செத்துச் சுருங்கிப்போன ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம், கூட இருக்கும் நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். வாயு விழுகிற வேகத்தில் கொதித்து எக்ஸ்ரேயாக வெளிவருகிறது. அதன் பிரகாசத்தை நான் அந்தப் பெரிய வீட்டுக்காரன் கணக்கில் கழித்ததால்தான் அவன் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது.

நெறியாளருக்குப் போன் செய்தேன். படத்தை அனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"வட்டத்துக்குள்ளதான இருக்கு?"

"உள்ளதான் சார்."

"வெண்ணெய்ய கையில வெச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சியேம்மா!" அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. "ஒரு படம் பத்தாது. இத மட்டும் நேரா எடுத்துக் காட்டணும். இப்ப இது இருக்கறதால தைரியமா டைம் கேக்கலாம். அந்தப் பழைய படத்தத் தூக்கிப் போட்றாத. தீசிஸ்ல, பள்ளத்தோட மொத படமா அதையே போடு."

கணவர் ஆட்டோவில் நெத்திலிப் பையோடு வந்து இறங்கியபோது நான் வாசலிலேயே நின்று அவர் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "எது, நம்ம நட்சத்திரம் இல்லியா? பக்கத்துதா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நெத்திலியை அவர்தான் ஆய்ந்தார்.

நேரம் கிடைத்தது. அந்த முறை மேகம் வரவில்லை. மங்கல் நட்சத்திரத்தைத் தனியாக எடுத்த படத்திலும் அதே கோடுகள் எழுந்து நின்றன. நெறியாளர் அறையைக் காலி செய்துகொண்டிருந்த வாரத்தில், புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நின்றபடியே என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை தெருவுக்குள் நுழையும்போது எதிர்வீட்டு அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிருச்சாம்மா படிப்பு?"

"முடிஞ்சிது அத்த. முட்டி எப்படி இருக்குது? அந்தப் படத்த எடுத்துட்டு வாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார். எனக்கு முட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, பாரு என்றார். உறையிலிருந்து படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். நடுவில் எலும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது.

"என்னாம்மா தெரியுது?"

"இருங்க அத்த. பளிச்சுன்னு இருக்கறத அப்பறம் பாக்கலாம். மொதல்ல ஓரத்தப் பாக்கறேன்."